ஒரே கதை, நான்கு படங்கள்: 'எ ஸ்டார் இஸ் பார்ன்' பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தப் படங்களைப் பார்க்கும் விஷயத்தில் செய்யக்கூடிய எல்லாத் தப்பையும் நான் செய்துவிட்டேன். 2018-இல் லேடி காகா நடித்தது வந்தபோது தியேட்டரில் பார்த்து அழுதுவிட்டு, அது நாலாவது தடவை எடுத்த கதை என்று தெரிந்ததும் மற்றதையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் 1976-ஐப் போட்டு முக்கால் மணி நேரத்தில் நிறுத்தினேன். அப்புறம் 1937. எனக்குக் கிடைத்த பிரதியில் எல்லோர் முகமும் மஞ்சள் காமாலை வந்தது போல இருந்தது. 1954-ஐ ரசித்துப் பார்த்து முடித்த பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்தது வெட்டிச் சுருக்கிய பதிப்பு என்று. ஆகக் கடைசியில் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை பார்க்க வேண்டியதாயிற்று. நீங்கள் ஒரே தடவையில் ஒழுங்காகப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம்

கதையை முடிவு வரைக்கும் சொல்லிவிடப் போகிறேன். புகழின் உச்சியில் இருக்கும் குடிகாரன் ஒருவன், யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணிடம் திறமை இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். கைதூக்கி விடுகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் மேலே போகப் போக அவன் கீழே இறங்குகிறான். அவள் விருது வாங்கும் மேடையில் குடித்துவிட்டு வந்து மானத்தை வாங்குகிறான். அவளுக்குத் தான் பாரம் என்று தெரிந்ததும் உயிரை விடுகிறான். அவள் அவன் பெயரைச் சேர்த்துக்கொண்டு மேடையில் நிற்கிறாள். நான்கு படத்திலும் இதுதான். இதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. அரிச்சந்திரன் கதை தெரியாமலா நாம் கூத்துப் பார்க்கப் போகிறோம்? மயான காண்டத்தை இந்த ஜமா எப்படிப் பாடுகிறது என்று பார்க்கத்தானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் படங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருந்தால் இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடும்.

இரண்டாவது, குடியும் தற்கொலையும் இந்தக் கதையின் நடுவிலேயே இருக்கின்றன. 2018 படம் வெளியானபோது, அதைப் பார்த்துச் சிலர் மிகவும் பாதிக்கப்பட்டதாகப் புகார் வந்து, நியூசிலாந்தின் தணிக்கை அமைப்பு எச்சரிக்கைக் குறிப்பில் தற்கொலை என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னது. வீட்டில் சமீபத்தில் அப்படி ஒரு இழப்பு இருந்தால் இந்த வரிசையைத் தள்ளிப் போடுங்கள். படங்கள் எங்கும் ஓடிவிடாது.

படி 1: சரியான பிரதியைப் பிடியுங்கள்

பெயரை மட்டும் போட்டுத் தேடினால் 2018 படம்தான் வரும். கூடவே ஆண்டையும் கதாநாயகி பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்: 1937 ஜேனட் கேனர், 1954 ஜூடி கார்லண்ட், 1976 பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட்.

1937 படத்தின் காப்புரிமையை அமெரிக்காவில் உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அது பொதுச் சொத்தாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில்தான் வம்பும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் போடலாம் என்பதால் நகலுக்கு நகல் எடுத்து நைந்துபோன பிரதிகள்தான் அதிகம். டெக்னிகலர் என்ற முறையில் எடுத்த ஆரம்பகால வண்ணப் படங்களில் முக்கியமானது இது, வண்ண ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் அமைப்பு ஒரு சிறப்பு விருதே கொடுத்தது. அதைச் சாயம் போன வேட்டி மாதிரி பார்ப்பதில் என்ன லாபம்? முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பனியும் இரவும் நீலமாக, ஆழமாகத் தெரியாமல் சகதி நிறத்தில் இருந்தால் வேறு பிரதி தேடுங்கள். சீரமைத்த பிரதி இருக்கிறது.

1954-க்கு நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நீளத்தைப் பாருங்கள். 154 நிமிடம் என்று இருந்தால் வேண்டாம். 176 நிமிடம் என்று இருக்க வேண்டும். காரணத்தை அந்தப் படத்துக்கு வரும்போது சொல்கிறேன், அது ஒரு தனி சோகக் கதை.

2018 படம் தியேட்டரில் வந்தது 136 நிமிடம். 2019 மார்ச்சில் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகச் சேர்த்து ஒன்று விட்டார்கள். முதல் தடவைக்குப் பழையதே போதும்.

படி 2: ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதச் சொல்லவில்லை (நான் எழுதினேன், அது வேறு). ஒவ்வொரு படத்திலும் இந்த ஐந்து இடங்களில் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்: அவன் அவளை முதன்முதலில் கவனிக்கும் இடம், அவள் முகத்தையோ பெயரையோ மற்றவர்கள் மாற்றும் இடம், விருது மேடை, அவன் தன்னைப் பாரம் என்று உணரும் இடம், கடைசியில் அவள் சொல்லும் பெயர்.

ஐந்திலும் விருது மேடைதான் இந்தக் கதையின் மயான காண்டம். ஒவ்வொரு காலத்திலும் ஓர் ஆண் பொது இடத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய அவமானம் எது என்று அந்தப் படம் நினைக்கிறதோ, அதை அங்கே வைத்திருக்கும். நான்கையும் பார்த்து முடித்தபோது எனக்குத் தோன்றியது, படத்தின் பெயர்தான் அவளைப் பற்றியது, ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கதையை மறுபடி எடுத்தது அவன் ஏன் விழுந்தான் என்று தன் பங்குக்கு ஒரு பதில் சொல்லத்தான் என்று. அந்தப் பதிலை ஒவ்வொரு படத்திலும் தேடுங்கள்.

படி 3: பார்க்கும் வரிசை

வெளிவந்த வரிசையில் பார்க்காதீர்கள். 1937, அப்புறம் நேராக 2018, அப்புறம் 1954, கடைசியில் 1976. முதல் இரண்டுக்கும் நடுவில் 81 வருஷ இடைவெளி இருப்பதால் எது மாறவில்லை என்பது பளிச்சென்று தெரியும். 1954 மூன்றாவதாக வர வேண்டும், ஏனென்றால் அது மூன்று மணி நேரப் படம். கதை மனப்பாடம் ஆனபிறகு பார்த்தால்தான் நடிப்பை மட்டும் கவனிக்க முடியும். 1976-ஐ நான் முதலில் பார்த்துக் கெட்டுப் போனேன், நீங்கள் கடைசியில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது.

படி 4: 1937, தொழிற்சாலைக்குள் நுழைவது

இது பாட்டுப் படம் இல்லை. அவன் நடிகன், அவளும் நடிகையாகத்தான் ஆகிறாள். தயாரித்தவர் டேவிட் ஓ. செல்ஸ்னிக், இயக்கியவர் வில்லியம் வெல்மன். வசனத்தில் குத்தலான நகைச்சுவைக்குப் பெயர்போன எழுத்தாளர் டாரதி பார்க்கரின் கை இருக்கிறது, அதனால் சிரிக்க வைத்துக்கொண்டே குத்தும். படம் ஒரு திரைக்கதைத் தாளைக் காட்டித் தொடங்கி அதே மாதிரித் தாளில் முடிகிறது. எல்லாம் சினிமாக் கம்பெனி எழுதி வைத்தது என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறது.

எஸ்தர் பிளாட்ஜெட் என்ற வடக்கு டகோட்டா கிராமத்துப் பெண்ணுக்குப் பாட்டி தன் சாவுச் செலவுக்குச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஹாலிவுட்டுக்கு அனுப்புகிறாள். அங்கே வேலை இல்லை. ஒரு விருந்தில் தட்டு ஏந்திப் பரிமாறப் போன இடத்தில், வந்திருக்கும் தயாரிப்பாளர்கள் கவனிக்க வேண்டும் என்று அன்றைய பெரிய நடிகைகளான கார்போ மாதிரி, ஹெப்பர்ன் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டே பலகாரம் நீட்டுகிறாள். யாரும் கண்டுகொள்வதில்லை, குடிகார நட்சத்திரம் நார்மன் மெய்ன் தவிர. அப்புறம் ஸ்டூடியோக்காரர்கள் அவள் பெயரை விக்கி லெஸ்டர் என்று மாற்றுகிறார்கள். முகத்தில் யார் யார் உதட்டையோ வரைந்து பார்க்கிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு சாமானைப் பெட்டியில் போட்டு விலைச்சீட்டு ஒட்டுவது போலவும் இருக்கும்.

விருது மேடையில் நார்மன் குடித்துவிட்டு நுழைந்து, தனக்குத்தான் மோசமான நடிப்புக்கான விருது தர வேண்டும் என்ற தொனியில் பேசி, கையை வீசும்போது அது அவள் கன்னத்தில் படுகிறது. சபையே உறைந்து போகிறது. அடிக்க நினைக்கவில்லை, ஆனால் அடித்துவிட்டான். இதில் ஒரு வேடிக்கை: ஜேனட் கேனர் சிறந்த நடிகைக்கான முதல் ஆஸ்கரை வாங்கியவர். அந்தச் சிலை உண்மையிலேயே என்ன கனம் என்று தெரிந்த கை அது.

ஆனால் 1937-இன் கொடூரமான காட்சி விருது மேடை இல்லை என்பேன். குடியை விட்டுத் திரும்பிய நார்மன், சாண்டா அனிடா குதிரைப் பந்தய மைதானத்து பாரில் இஞ்சி சோடா குடித்துக்கொண்டு நிற்கிறான். கம்பெனியின் விளம்பரத் தொடர்பாளன் லிபி வருகிறான், இத்தனை வருஷம் நார்மன் செய்த கூத்தையெல்லாம் பத்திரிகைகளில் வராமல் அமுக்கியவன். இப்போது நார்மனுக்குச் சந்தை இல்லை, அதனால் மரியாதையும் தேவையில்லை. மனைவி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதை முகத்துக்கு நேரே சொல்கிறான். நார்மன் செத்த பிறகும் விடமாட்டான். இருபது வருஷத்தில் அவன் குடித்த முதல் தண்ணீர் அதுதான் என்று சொல்வான். கடலில் இறங்கிச் செத்தவனைப் பற்றி.

ஆக 1937-இன் பதில்: சந்தை. புகழ் ஒரு சரக்கு, சரக்கு பழசானால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முப்பதுகளின் ஹாலிவுட்டுக்கு இது கற்பனையே இல்லை. பேசும் படம் வந்ததும் மௌனப் பட நட்சத்திரங்கள் பலர் வேலையிழந்தார்கள். ஜான் பவர்ஸ் என்ற மௌனப் பட நடிகர் 1936-இல் கடலில் இறந்ததிலிருந்துதான் நார்மனின் முடிவு வந்தது என்று பல காலமாகச் சொல்லப்படுகிறது.

கடைசியில் கிராமன் சைனீஸ் தியேட்டர் வாசலில் ஒலிபெருக்கி முன்னால் அவள், "நான் மிசஸ் நார்மன் மெய்ன்" என்கிறாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: 2018, உடம்புக்குள் நுழைவது

இப்போது தாவுங்கள். இயக்கம் பிராட்லி கூப்பர், அவருக்கு முதல் படம். ஜாக்சன் மெய்ன் என்ற பாடகனாக அவரே நடிக்கிறார். ஆலியாக லேடி காகா.

இதை நல்ல ஹெட்போனில் பாருங்கள், சும்மா சொல்லவில்லை. ஜாக்சனுக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல், கேட்கும் திறன் போய்க்கொண்டிருக்கிறது, அந்த இரைச்சலைப் படம் நமக்கும் கேட்க வைக்கிறது. பாட்டுகளைக் கேமராவுக்கு முன்னாலேயே நேரடியாகப் பாடிப் பதிவு செய்தார்கள், பின்னால் ஸ்டூடியோவில் பாடி ஒட்டவில்லை. மேடைக் காட்சிகளில் கேமரா பெரும்பாலும் பாடகன் பக்கத்தில்தான் நிற்கும். கூட்டத்திலிருந்து மேடையைப் பார்க்கும் பழக்கமான ஷாட் அபூர்வம். அதனால் புகழ் என்பது தூரத்தில் ஜொலிக்கும் விஷயமாகத் தெரியாது, கண்ணைக் கூசும் விளக்காகவும் காதை அடைக்கும் சத்தமாகவும்தான் தெரியும்.

முதல் சந்திப்பில் ஒப்பனையைக் கவனியுங்கள். ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் ஒரு பாரில் ஆலி பாடுகிறாள், முகத்தில் ஒட்டுப் புருவம். பாட்டு முடிந்து உள்ளே வந்த ஜாக்சன் அந்தப் புருவத்தைக் கையால் உரித்து எடுக்கிறான். இதே செய்கை 1954-இல் வேறு மாதிரி வரும், ஞாபகம் வைத்திருங்கள். நிஜத்திலும் ஒத்திகைப் படப்பிடிப்பின்போது கூப்பர் காகாவின் முகத்தில் இருந்த மேக்கப்பைத் துடைத்துவிட்டுத்தான் நடிக்கச் சொன்னாராம். ஆயிரம் வேஷம் போட்டுப் பெயர் வாங்கியவர் வேஷமே இல்லாமல் நிற்பதுதான் இந்தப் படத்தின் முதல் பாதியின் பலம்.

'ஷாலோ' பாட்டு வரும் மேடைக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஆஸ்கர் வாங்கியது, எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒன்று மட்டும்: அவள் மேடைக்கு வருவதற்கு முன் திரைக்குப் பின்னால் நின்று தயங்கும் சில விநாடிகள் இருக்கிறதே, பாட்டைவிட அதைப் பாருங்கள்.

இதில் விருது, இசைக்கான கிராமி. முதலில் ஜாக்சனை ஒரு அஞ்சலி நிகழ்ச்சியில் பாடச் சொல்லிவிட்டு, கடைசியில் இன்னொருவன் பாட இவன் கிட்டார் மட்டும் வாசிக்கிறான். அப்புறம் ஆலிக்கு விருது அறிவிக்கிறார்கள். கூடவே மேடையேறியவன், அவள் பேசிக்கொண்டிருக்கும்போது எல்லோர் கண் முன்னால் கால்சட்டையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். அவள் தன் உடையால் மறைக்கப் பார்க்கிறாள். 1937-இல் அவன் கை அவளை அடித்தது, இங்கே அவன் உடம்பே அவனுக்கு அடங்கவில்லை. இந்தப் படத்தின் பதில் அதுதான்: நோய். குடிகார அப்பா, சிறுவயதில் ஒரு தற்கொலை முயற்சி, பழுதான காது, மாத்திரை. யாரும் வில்லன் இல்லை என்று சொல்ல வந்து, கடைசியில் ரெஸ் என்ற மேனேஜரை மட்டும் லிபி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். நீ திரும்பக் குடிக்கத்தான் போகிறாய், அவளுக்கு நீ அசிங்கம் என்று அவன் நேருக்கு நேர் சொல்கிறான்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் ஆலி காணாமல் போகிறாள். அவள் முடி நிறம் மாறுகிறது, நடனப் பாட்டுப் பாடுகிறாள், அதை விரும்பிச் செய்கிறாளா இல்லையா என்று படம் கேட்கவே இல்லை. ஜாக்சனுக்குப் பிடிக்கவில்லை என்பதால் நமக்கும் பிடிக்கக்கூடாது என்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் சாம் எலியட் வரும் இடங்களுக்காக எதையும் மன்னிக்கலாம். அவர் ஜாக்சனின் அண்ணன் பாபி. "நான் தலையில் தூக்கி வைத்தது அப்பாவை இல்லை, உன்னைத்தான்" என்று தம்பி சொல்லிவிட்டுக் காரை விட்டு இறங்கிப் போவான். அண்ணன் பதில் சொல்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே கண் கலங்குவார். மொத்தப் படத்தையும் அந்த ஒரு முகத்தில் அடைத்துவிடலாம்.

முடிவில் அவள் சொல்லும் பெயர் ஆலி மெய்ன். பாட்டின் கடைசி வரியில் திடீரென்று வெட்டி, வீட்டில் பியானோ முன்னால் அவன் அதே பாட்டை அவளுக்கு முதன்முதலில் பாடிக்காட்டுவதைக் காட்டுகிறார்கள். அங்கே நான் தியேட்டரில் என்ன ஆனேன் என்று சொல்லப் போவதில்லை.

படி 6: 1954, இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்

நான்கில் ஒன்றுதான் பார்ப்பேன் என்று அடம் பிடித்தால் இதைப் பாருங்கள்.

ஜூடி கார்லண்ட் சிறுவயதிலிருந்து எம்ஜிஎம் கம்பெனியில் வளர்ந்தவர். வேலை பார்க்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று பழகி, படப்பிடிப்புக்கு வராமல் போய், 1950-இல் கம்பெனி அவரை விட்டுவிட்டது. நாலு வருஷம் கழித்து, கணவர் சிட் லஃப்ட் தயாரிப்பில், வார்னர் பிரதர்ஸ் மூலமாகத் திரும்பி வந்த படம் இது. இப்போது யோசித்துப் பாருங்கள்: படத்தில் அவர் நிதானமானவள், நேரத்துக்கு வருபவள், குடிகாரக் கணவனைத் தாங்குபவள். நிஜத்தில் நேரத்துக்கு வராதவர், தாங்கப்பட வேண்டியவர் அவரேதான். நார்மனாக நடித்த ஜேம்ஸ் மேசனுடைய வேஷம் கார்லண்டின் வாழ்க்கை. இது தெரிந்து பார்த்தால் சில காட்சிகளில் மூச்சு முட்டும்.

அதில் உச்சம் ஒப்பனை அறைக் காட்சி. குழந்தைத்தனமான ஒரு பாட்டுக்காக முகத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி வரைந்து, வைக்கோல் தொப்பி வைத்து எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டூடியோ முதலாளி நார்மனைப் பற்றி விசாரிக்கிறார். அவள் பேச ஆரம்பித்து உடைகிறாள்: அவன் தோற்றுப் போவதைப் பார்க்கப் பார்க்கச் சில நேரம் அவனை வெறுக்கவும் செய்கிறேன், என் மேலும் வெறுப்பு வருகிறது என்கிறாள். அழுது முடித்து, கலைந்த புள்ளிகளைத் திரும்ப வரைந்துகொண்டு, போய்ச் சிரித்தபடி பாட்டை முடிக்கிறாள். அந்தப் பாட்டு, மூஞ்சியைத் தொங்கப் போடாதே என்று ஊருக்குச் சொல்லும் பாட்டு.

இங்கேதான் 154-க்கும் 176-க்கும் வித்தியாசம். படம் 1954 செப்டம்பரில் மூன்று மணி நேர நீளத்தில் வெளியாகிப் பாராட்டும் வாங்கியது. ஆனால் நீளமான படம் என்றால் ஒரு நாளைக்குக் காட்சி குறையும், காட்சி குறைந்தால் வசூல் குறையும் என்று தியேட்டர்காரர்கள் முணுமுணுக்க, கம்பெனி கத்தரியை எடுத்தது. இயக்குநர் ஜார்ஜ் குக்கர் அப்போது அடுத்த படத்துக்கு இடம் பார்க்க இந்தியாவில் இருந்தார். அவர் இல்லாமலே வெட்டினார்கள். அந்தத் தொப்பிப் பாட்டும் போயிற்று. அதனால் 154 நிமிடப் பதிப்பில் அவள் புள்ளி முகத்தோடு எதற்கு உட்கார்ந்து அழுகிறாள் என்றே சரியாகப் புரியாது. கண்ணீருக்கு முன்னும் பின்னும் சிரிப்பு இருந்தால்தானே அந்தக் காட்சி? நார்மன் ஒலிப்பதிவுக் கூடத்தில் மெதுவாகக் கல்யாணப் பேச்சை எடுக்க, மைக் திறந்திருந்ததால் அது பதிவாகி எல்லோர் முன்னாலும் ஒலிக்கும் அழகான காட்சியும் போயிற்று.

ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் கிடங்கு கிடங்காகத் தேடி, முழு ஒலித்தடத்தையும் பல காட்சிகளையும் கண்டெடுத்தார். படச்சுருள் கிடைக்காத இடங்களில் பழைய புகைப்படங்களை ஓட்டி, மேலே ஒலியைச் சேர்த்தார். 1983 ஜூலையில் நியூயார்க்கில் அந்தப் பதிப்பு திரையேறியது. குக்கர் அதே வருஷம் ஜனவரியில் இறந்துவிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் திடீரென்று அசையாத படங்கள் வரும், குரல் மட்டும் கேட்கும். உங்கள் இணையம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். நான் நினைத்தேன்.

அடுத்து, அவன் அவளைக் கண்டுபிடிக்கும் இடம். நள்ளிரவுக்குப் பிறகு, கடை மூடிய கிளப்பில், நண்பர்களோடு தனக்காகவே பாடுகிறாள். ஹரால்ட் ஆர்லன் இசை, ஐரா கெர்ஷ்வின் வரிகள். பாட்டு முழுக்க வெட்டே இல்லாத ஒரே ஷாட். இதை ஒரு தடவை எடுத்து, பிறகு சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுப்பது என்று முடிவானதும் திரும்ப எடுத்து, உடையும் வெளிச்சமும் சரியில்லை என்று இன்னும் எடுத்தார்கள். மேசன் இருட்டில் நின்று கேட்கிறார்.

ஒப்பனைத் துறை அவளுக்குப் பொய் மூக்கும் பொன்னிற விக்கும் வைத்து அனுப்ப, நார்மனுக்கே அவளை அடையாளம் தெரியாமல் போய், பிறகு உட்கார வைத்துத் துடைத்தெடுப்பான். 2018-இன் புருவம் இதிலிருந்துதான் வந்தது. பெயர் மாறும் இடம் இன்னும் நன்றாக இருக்கும்: சம்பளம் வாங்கப் போன கவுண்டரில்தான், உன் பெயர் இப்போது விக்கி லெஸ்டர் என்று அவளுக்கே தெரிகிறது.

விருது மேடையில் மறுபடி கன்னத்தில் அதே அறை. ஆனால் மேசன் அதற்கு முன் பேசுவது அறையைவிட வலிக்கும். எனக்கு வேலை வேண்டும் என்கிறான். கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் ஒரு நட்சத்திரம் வேலை கேட்கிறான். வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருபவன் 'மிஸ்டர் லெஸ்டர்' என்று கூப்பிடும் காட்சியையும் தவறவிடாதீர்கள். 1937-இலும் இது உண்டு, இங்கே மேசன் முகம் அதைக் கேட்டுக்கொள்ளும் விதம் வேறு. படுக்கையில் கிடந்தபடி, அவனுக்காகத் தன் தொழிலையே விடப்போவதாக அவள் சொல்வதை அவன் கேட்டுவிடுகிறான். அப்புறம் கடல். 1954-இன் பதில் அன்பு, அதுதான் பயங்கரம். அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்ததுதான் அவனைக் கொன்றது.

கார்லண்டுக்கு ஆஸ்கர் நிச்சயம் என்றார்கள். விருது நாளில் அவர் பிரசவமாகி மருத்துவமனையில் இருந்தார், நன்றியுரையைப் பிடிக்க அறைக்குள்ளேயே தொலைக்காட்சிக் கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். விருது கிரேஸ் கெல்லிக்குப் போயிற்று. கேமராக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 1969-இல், 47 வயதில், கார்லண்ட் இறந்தார்.

படி 7: 1976, பாதி பொறுமையோடு

பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனும். களம் சினிமாவை விட்டு ராக் இசைக்கு மாறியது இங்கேதான், 2018 நடப்பதும் இந்தப் பாதையில்தான். கதாநாயகன் வேஷத்துக்கு முதலில் எல்விஸ் பிரெஸ்லியைக் கேட்டார்கள், அமையவில்லை. அமைந்திருந்தால் ஜூடி கார்லண்டுக்கு நடந்தது போலவே நிஜ வாழ்க்கையும் படமும் இன்னொரு தடவை கலந்திருக்கும்.

தயாரிப்பில் ஸ்ட்ரைசாண்டின் கை ஓங்கியிருந்தது. இயக்குநர் ஃபிராங்க் பியர்சன் படம் வரும் முன்பே தங்கள் சண்டையைப் பத்திரிகையில் எழுதித் தீர்த்துக்கொண்டார். படத்தைப் பார்த்தாலும் அது தெரியும்: எஸ்தர் விழவே மாட்டாள், தயங்கவே மாட்டாள், பெயரையும் மாற்ற மாட்டாள். அதனால் அவள் 'பிறக்க' வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ஆனால் கிறிஸ்டாஃபர்சன் மேல் கண்ணை வையுங்கள். சட்டையில்லாமல், தாடியோடு, மேடையில் மோட்டார் சைக்கிளை ஓட்டி விழும் அந்த ஆள் நடிக்கிறாரா நிஜமாகவே அப்படித்தானா என்று சந்தேகம் வரும். இந்தப் படத்தில் தன்னைப் பார்த்த பிறகுதான் குடியை விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அரிசோனாவில் நிஜக் கூட்டத்தை வைத்து எடுத்த கச்சேரிக் காட்சிகளும் நன்றாக இருக்கும். நடுவில் வீடு கட்டும் பகுதி இழுக்கும், ஒரு காபி போட்டுக்கொண்டு வரலாம்.

முடிவில் கடல் இல்லை, கார். விபத்தா வேண்டுமென்றே செய்ததா என்று தெளிவாகச் சொல்லவில்லை. அப்புறம் அவளை எஸ்தர் ஹாஃப்மன் ஹோவர்ட் என்று அறிவிக்கிறார்கள். 1937-இல் தன் பெயரே இல்லாமல் கணவன் பெயரை மட்டும் சொன்னவள், இங்கே தன் பெயரோடு அவன் பெயரை ஒட்டிக்கொள்கிறாள். பிறகு ஏழு நிமிடத்துக்கு மேல் வெட்டில்லாத ஒரே ஷாட்டில் பாடுகிறார் ஸ்ட்ரைசாண்ட். பிடிக்கவில்லை என்று நிறுத்திய நான் இரண்டாம் தடவை இதுவரை வந்தபோது எழுந்து போக முடியவில்லை. 'எவர்கிரீன்' பாட்டுக்கு இசையமைத்ததற்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பாடல் இசைக்காக அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

இன்னொரு சின்ன விஷயம். 2017 கிளாஸ்டன்பரி இசைவிழாவில் கிறிஸ்டாஃபர்சன் தன் நேரத்தில் சில நிமிடங்களைக் கூப்பருக்கு விட்டுக்கொடுத்தார், அந்தக் கூட்டத்துக்கு முன்னால்தான் ஜாக்சன் மெய்னின் ஒரு காட்சியை எடுத்தார்கள். பழைய நாயகன் புதியவனுக்கு மேடை தருகிறான். கதை எப்படி வெளியிலும் தொடர்கிறது பாருங்கள்.

படி 8: பசி அடங்காதவர்களுக்கு

1932-இல் வந்த 'வாட் பிரைஸ் ஹாலிவுட்?' இந்த நான்குக்கும் பாட்டி. செல்ஸ்னிக் தயாரிப்பு, குக்கர் இயக்கம். ஹோட்டலில் பரிமாறும் பெண் நட்சத்திரமாகிறாள், அவளைத் தூக்கிவிட்ட குடிகார இயக்குநர் அழிகிறான். அதில் அவன் அவளுக்குக் கணவன் இல்லை, அதுதான் பெரிய வித்தியாசம். 1937 படத்தை இயக்கச் சொல்லி குக்கரைக் கேட்டபோது, இது நான் ஏற்கெனவே எடுத்த கதை மாதிரி இருக்கிறதே என்று மறுத்தவர், 1954-இல் ஒப்புக்கொண்டார். விதி விடாது.

இந்தியில் 1973-இல் வந்த 'அபிமான்' பாருங்கள். அமிதாப்பும் ஜெயாவும் பாடகத் தம்பதி, மனைவிக்குப் புகழ் கூடக் கூடக் கணவனுக்குப் பொறுக்கவில்லை. குடிக்குப் பதிலாகப் பொறாமை, சாவுக்குப் பதிலாகச் சமாதானம். நம் பக்கத்து வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

2013-இல் வந்த 'ஆஷிக்கி 2' நேராகவே இந்தக் குடும்பத்துப் பிள்ளை. குடிகாரப் பாடகன், பாரில் பாடும் பெண், விருது, தற்கொலை எல்லாம் உண்டு. தெலுங்கிலும் அடுத்த வருஷமே எடுத்தார்கள். படமாக எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஹாலிவுட்டில் கார்லண்டும் ஸ்ட்ரைசாண்டும் காகாவும் தாங்களே பாடினார்கள், குரல்தான் கதை என்பதால் வேறு வழியில்லை. இங்கே உயர்கிற பாடகியும் வீழ்கிற பாடகனும் வாயசைக்கிறார்கள், குரல் பின்னணிப் பாடகர்களுடையது. நாயகன் ஒவ்வொரு ரீலிலும் குரலை இழந்துகொண்டே போக, அவனுக்காக மறைவில் நின்று 'தும் ஹி ஹோ' பாடிய அரிஜித் சிங்கை அந்த ஒரு பாட்டு நாடு முழுக்கக் கொண்டுபோய்விட்டது.